பாமினியில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

அடுத்த கேள்வி, மதுரையில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது. கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எக்செல்லில் பாமினி எழுத்துருவில் இருக்கிறதாம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளையே தமிழ் உருவில் காட்டும் பழைய எழுத்துரு. புது பில்லிங் மென்பொருளுக்கு யூனிகோடு (தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள பொது முறை) சிஎஸ்வி (பட்டியலின் பத்திகளை, அதாவது காலம்களை, கமாவால் பிரிக்கும் உரைக் கோப்பு) வேண்டும். எழுத்துக்கு எழுத்து விதி போட்டு மாற்றினால் பாதி குப்பையாக வருகிறது, ஏன் என்கிறார்.

தம்பி, உங்கள் ஊர்ப் பெயரையே பார்ப்போம். பாமினியில் மதுரை என்று அடிக்க நான்கு விசை: சின்ன கே, பெரிய ஜே, சின்ன ஐ, சின்ன யூ. கே என்றால் ம. ஜே என்றால் து. அந்த ஒரு விசைக்கு யூனிகோடில் த, உகரக் குறி என்று இரண்டு குறியீடு. இதுவரை உங்கள் விதி சரி. அப்புறம் வரும் ஐகாரக் குறி பாமினியில் ர-வுக்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் பின்னால் இருக்க வேண்டும். அப்படியே மாற்றினால் 'மதுைர' என்று நிற்கும். அதனால் ஐயும் யூவும் சேர்ந்து வந்தால் 'ரை' என்று ஒரே விதியாக எழுதுங்கள்.

நீளமான விதி முதலில் ஓட வேண்டும். கொட்டாம்பட்டியின் கொ, பாமினியில் என், எஃப், எச் என்ற மூன்று சின்ன எழுத்து. முதல் இரண்டை முன்பே 'கெ' ஆக்கிவிட்டால் துணைக்கால் தனியாக ஒட்டும். கண்ணுக்கு கொ மாதிரியே தெரியும், ஆனால் பல மென்பொருளில் தேடினால் அகப்படாது. இதைக் கவனிக்காமல் விட்டு, மாற்றிய பட்டியலை நான் முழுக்கத் திரும்பச் செய்திருக்கிறேன்.

இன்னொன்று, இதுதான் பலரையும் கவிழ்ப்பது. பாமினியில் 'இ' என்பது கமா. சிஎஸ்வியில் கமாதான் பத்திகளைப் பிரிக்கிறது! கமா கண்ட இடமெல்லாம் வெட்டும் நிரலாக இருந்தால், இளையான்குடிக்காரர் ஒருவர் வந்தாலே அந்த வரியில் ஒரு பத்தி கூடி, போன் நம்பர் நகர்ந்துவிடும். கமாவுக்குப் பதில் அரைப்புள்ளியால் பிரிப்பதும் ஆகாது, அது பாமினியில் மெய்ப்புள்ளி. எக்செல்லிலிருந்து, டேப் விசையின் இடைவெளியால் பத்தி பிரித்த கோப்பாக எடுங்கள். எழுத்தை மாற்றி முடித்தபின் சிஎஸ்வி ஆக்குங்கள்.

பெயர், ஊர் பத்திகளுக்கு மட்டும் விதியை ஓட்டுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும் மின்னஞ்சல் பத்தியைத் தொட்டால் அதுவும் புரியாத தமிழாகிவிடும்.

மதுரை, கொட்டாம்பட்டி, இளையான்குடி மூன்றும் வருகிற பத்து வரியை முதலில் மாற்றி, தேடியும் பாருங்கள். சரியாக வந்தால் முழுக் கோப்பையும் விடலாம். பழைய எக்செல்லை மட்டும் அழித்துவிடாதீர்கள்.