சில்லறை இல்லம்மா, நாளைக்கு வாங்கிக்கோ

மேடையில வீற்றிருக்கிற மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களே, ஆயர் அம்மா அவர்களே, தலைமை ஏத்திருக்கிற கமிட்டித் தலைவர் அவர்களே, செயலர் அவர்களே, பொருளாளர் அவர்களே (முன் வரிசையில உக்காந்து என்னையே முறைச்சுப் பாத்துட்டு இருக்காரு, நான் என்ன பேசப்போறேன்னு அவருக்கு முன்னாடியே தெரியும்), பாடகர் குழுவினரே, பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, வாலிபர் சங்கத் தம்பி தங்கச்சிங்களே, அப்புறம் மைக்க சரி பண்ணிக் குடுத்த தம்பி, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க. போன தடவ ஒரு பெரியவர விட்டுட்டேன், ஆறு மாசம் அவரு என்கூடப் பேசல.

ஏழைகளுக்கு இரங்குதல்னு தலைப்பு குடுத்திருக்காங்க. மூணு பாயிண்ட் எழுதிட்டு வந்திருக்கேன். ஒண்ணு, நமக்கு மிஞ்சினது எது. ரெண்டு, குடுக்கும்போது நம்ம மூஞ்சி எப்படி இருக்கு. மூணு, சபையோட பட்ஜெட். பொருளாளர் ஐயா பயப்படாதீங்க, மூணாவதுக்கு நான் என்னைக்குமே போய்ச் சேந்ததில்ல.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்." சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டு வர்றோம், வீட்டுக்கு வீடு சொல்றாங்க, நானும் சொல்லியிருக்கேன். பழமொழி மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல, அதுல வர்ற அந்தத் "தனக்கு"தான் சிக்கல், அதுக்கு அடிமட்டமே கெடையாது. ஒரு ரூமுக்கு ஏசி போட்டோம், ராஜா மாதிரி இருந்துச்சு, ரெண்டாவது வருஷம் அது இல்லாம தூக்கம் வரல, மூணாவது வருஷம் பக்கத்து ரூமுக்கும் வேணும்னு தோணுது. மேஜை டிராயரத் தொறந்து பாருங்க, பழைய போன் ரெண்டு, எதுக்குன்னே தெரியாத வயர் ஏழு, ஒத்தக் காதுக்கு மட்டும் வேலை செய்யற ஹெட்செட் ஒண்ணு. இதெல்லாம் நமக்கு மிஞ்சினதுன்னு யாராச்சும் எழுதி வெச்சிருக்கோமா? இல்ல, "இருக்கட்டும், எப்பவாச்சும் உதவும்".

மெதடிஸ்ட் சபைக்கு வழி போட்ட ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்துல ஒரு ஆளப் பத்திச் சொல்றாரு, அது அவரேதான்னு பொதுவா எல்லாரும் எடுத்துக்கறாங்க. ஆக்ஸ்ஃபோர்டுல இருந்த காலம். வருஷத்துக்கு 30 பவுண்டு வருமானம், 28ல குடும்பத்த ஓட்டி, ச்சே, குடும்பம் அப்ப ஏது, தன் செலவ ஓட்டிட்டு 2 பவுண்ட குடுத்துட்டாரு. அடுத்த வருஷம் 60 வந்துச்சு, அப்பவும் 28, மீதி 32 ஏழைக்கு. அதுக்கடுத்து 90, அப்பவும் 28தான், 62 வெளிய போச்சு. அதுக்கும் அடுத்து 120, குடுத்தது 92. பாருங்க, இவரும் தனக்கு மிஞ்சித்தான் தர்மம் பண்ணியிருக்காரு! ஆனா "தனக்கு" எவ்ளோங்கறத மொதல்லயே கோடு போட்டு நிறுத்திட்டாரு. நம்ம அந்தக் கோட்ட ரப்பர்ல போட்டு வெச்சிருக்கோம், சம்பளம் ஏற ஏற அதுவும் இழுபடுது.

இயேசுவுக்கு முன்னாடி வந்து ஞானஸ்நானம் குடுத்த யோவான்ஸ்நானன் கிட்ட ஜனங்க வந்து நாங்க என்ன செய்யணும்னு கேட்டப்போ பெரிய தத்துவம் ஒண்ணும் சொல்லல. "இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கக்கடவன்." லூக்கா 3:11. ரெண்டுதாங்க. இருபது இருக்கறவனுக்கு அவரு கணக்கே சொல்லல, அப்படி ஒருத்தன் வந்து நிப்பான்னு எதிர்பாத்திருக்க மாட்டாரு. நாலாம் நூற்றாண்டுல கப்பத்தோக்கியாவுல (இப்ப துருக்கி) பிஷப்பா இருந்த பசிலியார் இன்னும் கடுமையா சொல்லிட்டாரு, உன் பெட்டியில பூட்டி வெச்சிருக்கற அங்கி உடுப்பில்லாதவனோடது, உங்கிட்ட மக்கிட்டுக் கெடக்கற செருப்பு வெறுங்காலோட நடக்கறவனோடதுன்னு. உன்னோடத அவனுக்குக் குடுன்னு அவரு சொல்லல, அது ஏற்கனவே அவனோடதுங்கறாரு. இத சபையில இன்னைக்கு ஒருத்தர் பேசினா அடுத்த தேர்தல்ல நிக்க முடியாது.

இப்ப என் கதைக்கு வர்றேன். ஏற்கனவே கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க வீட்டுல ஒரு அம்மா வேலை செஞ்சாங்க. பாத்திரம், வீடு பெருக்கறது, துணி. அவங்களும் நம்ம சபைதான், கடைசி பெஞ்சு, தூணுக்குப் பக்கத்துல. ஒரு சனிக்கிழம சாயங்காலம் வேலை முடிச்சிட்டு, கைய முந்தானையில தொடச்சிட்டு ஹால் ஓரமா நிக்கறாங்க. மாசக் கடைசி. நிக்கறது எதுக்குன்னு எனக்குத் தெரியும், நான் போனத் தடவிட்டு இருக்கேன், சோபாவுக்குக் குஷன் உறை பாத்துட்டு இருக்கேன், நீலமா பச்சையான்னு என் சம்சாரத்துக்கிட்ட கேட்டுட்டு இருக்கேன். அப்புறமா தலையத் தூக்கி "சில்லறை இல்லம்மா, நாளைக்கு வாங்கிக்கோ"ன்னேன். "சரிங்கய்யா"ன்னு போயிட்டாங்க. அவங்க வாசல் கேட்டத் தாண்டறதுக்குள்ள பச்சையவே ஆர்டர் பண்ணிட்டேன், அதுக்கு சில்லறை தேவப்படல பாருங்க.

மறுநாள் ஞாயிறு. கட்டட நிதிக்கு நான் ஒரு தொகை எழுதியிருந்தேன், கொஞ்சம் பெரிய தொகைதான், இங்க சொல்ல வேணாம். மைக்ல பேரப் படிச்சாங்க, இன்னார் இவ்வளவுன்னு. கைதட்டல். நான் தலையக் குனிஞ்சு அடக்கமா இருக்கற மாதிரி உக்காந்திருக்கேன், அப்படியே லேசா திரும்பிப் பாக்கறேன், எவ்ளோ பேரு தட்டறாங்கன்னு. அந்தத் தூணுக்குப் பக்கத்துல அந்தம்மாவும் தட்டறாங்க. சிரிச்ச மொகமா, எங்க ஐயாங்கற பெருமையோட தட்டறாங்க.

திங்கக்கிழம காலையில வந்தாங்க. கொல்லப்பக்கம் செருப்ப விட்டுட்டு உள்ள வந்து, குத்தலே இல்லாம, நெஜமாவே கேட்டாங்க: "சில்லறை கெடச்சுதாய்யா?"

(சிரிக்காதீங்க. எனக்கு அன்னைக்கு சிரிப்பு வரல.) அப்புறம்தான் தெரிஞ்சுது, திங்கக்கிழமதான் பையனுக்கு ஃபீஸ் கட்ட கடைசி நாள்னு, சனிக்கிழம ராத்திரியே வட்டிக்கு வாங்கியிருக்காங்க. என்னோட சில்லறைக்கு அவங்க வட்டி கட்டியிருக்காங்க.

அன்னைலேர்ந்துதான் நான் இத விடாம பேசிட்டு இருக்கேன், கமிட்டியில சில பேருக்கு என்னக் கண்டாலே சலிப்பு. பரவால்ல. லேவியராகமம் 19:13 எடுத்துப் பாருங்க, "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." நான் ரெண்டு விடியற்காலம் வெச்சிருந்தேன். உபாகமம் 24ல பொழுது போறதுக்கு முன்னாடி குடுத்துடுன்னு இருக்கு, அவன் ஏழை, அத நம்பித்தான் இருக்கான்னு காரணமும் சேத்தே போட்டிருக்கு. யாக்கோபு 5:4ல புடிச்சு வெச்ச கூலியே கூக்குரல் போடுதாம். வேலைக்காரன் சும்மா நின்னாலும் கூலி கத்துது! இதெல்லாம் தர்மக் கணக்குல வராது, இது கடன். கடன அடைக்காம தர்மம் பண்றவனுக்கு எந்தப் பழமொழியும் தொணைக்கு வராது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னா, அடுத்தவங்க கூலி நம்ம பையில இருக்கற வரைக்கும் நமக்கு ஒண்ணும் மிஞ்சலன்னுதான் அர்த்தம்.

வீட்டு வேலை செய்யறவங்க உலகம் முழுக்க 7 கோடியே 56 லட்சம் பேருன்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021ல கணக்கு சொல்லுச்சு, நூத்துக்கு 76 பேரு பெண்கள். 2011லயே அந்த அமைப்பு இவங்களுக்காக 189ன்னு ஒரு ஒப்பந்தம் போட்டுடுச்சு. மாசத்துக்கு ஒரு தடவையாச்சும் ஒழுங்கா சம்பளம், வாரத்துல தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு. ஓய்வுநாள் பத்துக் கட்டளையில ஒண்ணு, அதுல உன் வேலைக்காரிக்கும்னு பேரு சொல்லியே எழுதியிருக்கு, ஆனா ஞாயித்துக்கிழம நம்ம ஆராதனைக்கு வர்றப்போ நம்ம வீட்டுப் பாத்திரத்த யாரு கழுவறாங்க? நான் கேக்கல, சும்மா ஞாபகப்படுத்தறேன்.

ரெண்டாவது பாயிண்ட், மூஞ்சி. லூக்கா 16ல ஐசுவரியவான் லாசரு கதை. அவரு லாசருவ அடிச்சாரு, தொரத்துனாருன்னு அங்க எதுவுமே எழுதல. நல்லா உடுத்துனாரு, நல்லா சாப்ட்டாரு, வாசல்ல கெடந்தவனத் தாண்டிப் போனாரு, அவ்ளோதான். அந்தக் கதையில பிச்சைக்காரனுக்குப் பேரு இருக்கு, பணக்காரருக்குப் பேரே இல்ல. நம்ம சபையில மைக்ல எந்தப் பேர படிக்கறோம்னு ஆயர் ஐயா யோசிக்கணும்னு தாழ்மையோட கேட்டுக்கறேன்.

செயலர் ஐயா வாட்ச்சத் தட்டிக் காட்றாரு. மூணாவது பாயிண்ட் அடுத்த கூட்டத்துக்கு. பொருளாளர் ஐயா, நம்ம கோயில் குட்டிக்கும் (மணியடிச்சு கோயில் வேலையெல்லாம் பாக்கறவரு) கூட்டறவங்களுக்கும் போன மாசச் சம்பளம் எந்தத் தேதியில குடுத்தோம்னு மட்டும் அதுக்குள்ள பாத்து வைங்க.

வாசல்ல ஒரு நோட்டு வெச்சிருக்கேன். யாரும் பேரு எழுத வேணாம், தொகையும் வேணாம். உங்க வீட்டுல வேலை செய்யறவங்களுக்கு இனிமே எந்தத் தேதியில சம்பளம் குடுப்பீங்கன்னு தேதி மட்டும் எழுதிட்டுப் போங்க. மொத வரியில நான் எழுதிட்டேன். பேனா நூல்ல கட்டியிருக்கு, போன தடவ வெச்சது காணாமப் போச்சு.