பாவோபாப் பவுடரும் மன்னார்ப் பெருக்க மரமும் ஒண்ணா?

அடுத்த கேள்வி. நேயர் ஒருத்தர் கேக்குறாங்க: "ஆன்லைன்ல பாவோபாப் பவுடர்னு விக்கிறாங்களே, அது மன்னார்ல இருக்கிற பெருக்க மரந்தானா? ஆப்பிரிக்காவுல நிஜமாவே இதைச் சாப்பிடுறாங்களா, இல்ல வெறும் விளம்பரமா?"

அதே மரந்தாங்க. மன்னார்ப் பள்ளிமுனையில நிக்கிறதும் யாழ்ப்பாணத்துப் பக்கம் நெடுந்தீவுல நிக்கிறதும் ஆப்பிரிக்க இனமேதான். அரபு வியாபாரிங்க கொண்டாந்ததுன்னு சொல்வாங்க. தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைப்புளின்னும் ஒரு பேர் உண்டு.

சாப்பிடுறாங்களான்னா, நல்லாவே சாப்பிடுறாங்க. பழம் மரத்துலயே ஓட்டுக்குள்ள காஞ்சிடும். உடைச்சா சதை சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையா உதிரும். இடிச்சு, விதையை நீக்கி, சலிச்சா பவுடர், அவ்வளவுதான். புளிப்பா இருக்கும். செனகல்ல அதைக் கரைச்சு சர்க்கரை போட்டு 'பூய்'னு குடிக்கிறாங்க. கென்யாவுல மொம்பாசா நகரத்துல சதை ஒட்டின விதையில சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் ஏத்தி 'மபூயு'ன்னு விக்கிறாங்க. தின்ன பசங்க நாக்கைப் பாத்தாலே தெரிஞ்சிடும்!

ஆனா விளம்பரத்துல வராத விஷயம் இலை. வட நைஜீரியாவுல ஹவுசா இன மக்கள் வீடுகள்ல காய வச்ச இலைப்பொடிக்குப் பேர் 'குக்கா'. அதைப் போட்டுக் கொழகொழன்னு குழம்பு வைப்பாங்க, களியைத் தொட்டுச் சாப்பிட. அங்க அது அன்றாடச் சாப்பாடு. இதுல ஒரு சிக்கல் இருக்கு. இலைக்காகக் கிளையை ரொம்பக் கழிச்சா காய்ப்பு குறையும். குழம்புக்கு இலையா, விக்கிறதுக்குப் பழமாங்கிறது அந்த வீட்டுக்காரங்க முடிவு பண்ண வேண்டியது.

பட்டையை உரிச்சாலும் இந்த மரம் சாகாது, திரும்பப் பட்டை வளரும். சிம்பாப்வேயில அந்த நார்ல பாய் பின்னுறாங்க. கட்டை மட்டும் பஞ்சு, மர வேலைக்கு ஆகாது. சூடான்ல கோர்டோஃபான் பக்கம் அடிமரத்தைக் குடைஞ்சு மழைத்தண்ணியைச் சேத்து வச்சு, கோடையில எடுத்துக் குடிச்சிருக்காங்க. செனகல்ல செரேர் மக்கள் முன்னெல்லாம் க்ரியோக்களை, அதாவது பரம்பரைப் பாணர்களை, மரப்பொந்துக்குள்ளதான் அடக்கம் பண்ணுவாங்க. மண்ணுல புதைச்சா நிலம் விளையாதுன்னு நம்பிக்கை. அந்த நாட்டுச் சின்னத்துலயே சிங்கத்தோட இந்த மரமும் இருக்கு.

வியாபாரம் சூடு பிடிச்சது 2008க்கு அப்புறம். அந்த வருஷந்தான் ஐரோப்பிய ஒன்றியம் பழச்சதையை உணவா அனுமதிச்சது, மறு வருஷம் அமெரிக்காவுலயும் வழி கிடைச்சது. பழம் பொறுக்குறது பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பணம் சேர்றது பாக்கெட் போடுற இடத்துல. 2022ல கென்யாவுல கிலிஃபி பக்கம் மரத்தையே வேரோட தோண்டி ஜார்ஜியா நாட்டுப் பூங்காவுக்கு அனுப்பப் பாத்தாங்க. எதிர்ப்பு கிளம்பி, அதிபர் ரூட்டோ விசாரிக்கச் சொன்னார்.

வாங்கலாமான்னா, ருசிக்கு வாங்குங்க. வைட்டமின் சி இருக்கு, நார்ச்சத்து இருக்கு. ஆனா நோயைத் தீர்க்கும்னு போட்டிருந்தா நம்பாதீங்க. வைட்டமின் சிக்காக மட்டும்னா, நெல்லிக்காய் கிடைக்கிற ஊர்ல இவ்வளவு காசு கொடுக்கணுமான்னு யோசிங்க. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.