பிள்ளை ஊர் திரும்பும் முன் அவன் மருத்துவக் குறிப்பு வர வேண்டும்

[திரையில்: அமெரிக்க வரைபடம். கலிஃபோர்னியாவிலிருந்து யூட்டாவுக்கு ஒரு கோடு நீள்கிறது.]

வணக்கம். அமெரிக்காவில் பதின்ம வயதுப் பிள்ளை போதைப் பழக்கத்தில் சிக்கிக்கொண்டால், பெற்றோர் சிலர் வேறொரு மாநிலத்தில் இருக்கும் மையத்துக்கு அவனை அனுப்பிவிடுகிறார்கள். அங்கேயே மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும். இத்தகைய மையங்களுக்கு யூட்டா மாநிலம் பெயர்போனது. பிள்ளை எல்லை தாண்டிப் போய்த் திரும்புகிறான். அவனுடைய மருத்துவப் பதிவும் அவனோடு போய்த் திரும்புகிறதா?

[திரையில்: ஒரு நீல மாத்திரை, மிக அருகில்.]

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். வலி நிவாரணி என்று நம்பி அவன் வாங்கியது போலி மாத்திரை. உள்ளே இருப்பது ஃபென்டனில். ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியம் கொண்ட அந்தப் பொருள் ஒரு மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாது. 2019இல் அமெரிக்காவில் 14 முதல் 18 வயது வரையிலான 492 பேர் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 954. போதையைத் தொடும் பிள்ளைகளின் எண்ணிக்கை அப்படிக் கூடிவிடவில்லை. கைக்குக் கிடைத்த சரக்குதான் கொடியதாகிவிட்டது.

[திரையில்: மையத்தின் வாசல். தோளில் பையுடன் ஒரு பையன் வெளியே வருகிறான்.]

நம் பையன் சில மாதச் சிகிச்சைக்குப் பிறகு வீடு திரும்புகிறான். முகம் தெளிந்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறான், பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் அவனுக்கு ஆபத்து மிகுந்த நாட்கள் இவைதான். முன்பு தினமும் எடுத்த அளவை அவன் உடம்பு பழகித் தாங்கிக்கொண்டது. போதை நின்ற சில வாரங்களிலேயே அந்தத் தாங்கும் திறன் குறைந்துவிடும். ஒரு கெட்ட மாலையில் பழைய நண்பனைப் பார்த்து, பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆகவே கடைசியாக எதை, எப்போது எடுத்தான், இதற்கு முன் அளவு மீறி மயங்கியதுண்டா, போதை ஏக்கத்தை அடக்கத் தரப்படும் புப்ரெனார்ஃபின் மாத்திரை தொடர்கிறதா என்பதெல்லாம் சொந்த ஊர் மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். புப்ரெனார்ஃபினை நடுவில் ஒரு வாரம் விட்டுவிட்டால்கூட பழைய ஏக்கம் தலைதூக்கும்.

[திரையில்: கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒப்புதல் படிவம்.]

சர்க்கரை நோயாளியின் பதிவை ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்குச் சிகிச்சைக்காக அனுப்ப, நோயாளியின் கையெழுத்து தேவையில்லை. போதைச் சிகிச்சைப் பதிவுக்குச் சட்டம் வேறு. 1970களில் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்குத் தனிப் பூட்டுப் போட்டது. காரணம் நியாயமானது: சிகிச்சைக்கு வந்தவனின் வாக்குமூலமே அவனைச் சிறைக்கு அனுப்பும் என்றால் யார் வருவார்கள்? 2024இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. இனி வரும் சிகிச்சை முழுவதற்கும் ஒரே ஒப்புதல் போதும். நோயாளியின் சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இல்லாமல் பதிவை அவனுக்கு எதிரான வழக்கில் பயன்படுத்தக்கூடாது என்ற தடை அப்படியே நீடிக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் ஒப்புதல் இல்லாமலே தகவல் தரலாம்.

அந்தக் கையெழுத்து யாருடையது? கலிஃபோர்னியாவில் 12 வயது நிரம்பியவர் போதைச் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அப்படிப் பெற்ற சிகிச்சையின் பதிவைப் பெற்றோரிடம் காட்டுவதற்கும் பிள்ளையின் ஒப்புதல் வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் இந்த வயது 13. பெற்றோரின் சம்மதம் கட்டாயம் என்றிருக்கும் மாநிலத்தில் இருவருமே கையெழுத்திட வேண்டும். எல்லையைத் தாண்டினால் வயதுக் கணக்கு மாறுகிறது. எந்த விதி பொருந்தும் என்று உறுதியாகத் தெரியாத அலுவலர், வம்பே வேண்டாம் என்று கோப்பை மூடி வைத்துவிடலாம். சட்டத்தில் வழியிருந்தும் தகவல் நின்றுபோவது இப்படித்தான்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். பூட்டை உடைக்க வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மனநல ஆலோசகரிடம் பிள்ளை அழுதுகொண்டே சொன்னது, வீட்டில் அடி வாங்கியது, யாரோடு சேர்ந்து குடித்தான் என்பது, இவை எல்லாம் கணினி வழியே மாநிலம் மாநிலமாகப் போக வேண்டிய அவசியம் இல்லை. பெற்றோர் கைப்பேசியில் திறந்து பார்க்கும் மருத்துவமனைச் செயலியில் அது தெரிந்துவிட்டால், அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயே திறக்க மாட்டான். போக வேண்டியது ஒரே ஒரு பக்கம்: மருந்துகள், ஒவ்வாமை, கடைசியாகப் போதை எடுத்த தேதி, முந்தைய மயக்கங்கள், அடுத்த சந்திப்பு. அந்தப் பக்கத்தைப் பிள்ளையிடமே வாசித்துக் காட்டி, இன்னாருக்கு அனுப்புகிறோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

மையங்களையும் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளைகள் அங்கே வதைக்கப்பட்டதாக எழுந்த புகார்களுக்குப் பிறகு, யூட்டா 2021இல் சட்டத்தைக் கடுமையாக்கியது. வாரம் ஒருமுறையாவது குடும்பத்தோடு ஒட்டுக்கேட்பில்லாமல் பேசும் உரிமை பிள்ளைகளுக்குக் கிடைத்தது. மருத்துவப் பதிவில் வராததைப் பிள்ளை அந்த அழைப்பில் சொல்லக்கூடும்.

[திரையில்: மூக்கில் பீய்ச்சும் நாலோக்சோன் குப்பி.]

பிள்ளையை அழைத்துவரும் தேதி குறித்ததும், டிஸ்சார்ஜ் குறிப்பு ஊர் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று போன் செய்து கேளுங்கள். மாத்திரை எத்தனை நாளுக்குக் கைவசம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஃபென்டனிலால் மூச்சு அடங்கும்போது அதை மீட்கும் நாலோக்சோன் 2023 முதல் அமெரிக்க மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஒரு முறை பீய்ச்சியது போதாமலும் போகலாம், இரண்டு வாங்கி வையுங்கள். பூட்டிய அலமாரியில் வேண்டாம், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். பீய்ச்சியதும் 911ஐ அழையுங்கள். மருந்தின் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கக்கூடும்.