தெருவுக்கு ஒரு சுண்ணாம்புக் குழி

விழாத் தலைவர் அவர்களே, நகராட்சி ஆணையர் அவர்களே, பணிகளுக்கு நடுவே வந்திருக்கும் பொதுப்பணித்துறைப் பொறியாளர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் சான்றோர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கொத்தனார் பெருமக்களே, புதுச்சேரித் தமிழர் பகுதித் தாய்மார்களே, வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். அந்தச் சுவரைக் காக்க மூன்று செய்திகள்: சுண்ணாம்பு, மேல்தளம், சட்டம்.

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், நின்றதே, நினைவிருக்கிறதா? 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். எத்தனை திருமணப் பதிவுகள், எத்தனை பிறப்புச் சான்றிதழ்கள்! நம் பாட்டன்மார் படியேறிய இடம். புயலையெல்லாம் பார்த்த கட்டடம் அது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மறுபடி கட்டித் திறந்தது 2021 பிப்ரவரியில். உலக வங்கிப் பணம் வந்ததால் அதுவாவது நடந்தது. உங்கள் வீட்டுத் தாழ்வாரம் விழுந்தால் உலக வங்கி வருமா? மழை ஒரே நாளில் பழைய கட்டடத்தைத் தின்றுவிடாது. மேல்தளத்தில் தண்ணீர் போகும் வாய் சருகால் அடைபடும், ஓரத்தில் அரசங்கன்று முளைக்கும், வேர் விட்ட வழியே நீர் இறங்கிச் சுவருக்குள் இருக்கும் தேக்கு உத்திரத்தின் நுனி உளுத்துப்போகும். ஐப்பசிக்கு முன்னால் ஏறிப் பார்த்தால் ஒரு துடைப்பத்தோடு முடிகிற வேலை.

இப்போது சுண்ணாம்பு. பழைய சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் அடைபடும். செங்கல் உப்பரித்து மாவாக உதிரும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். இது தெரிந்தும் ஏன் சிமெண்ட்? நாளைக்கே வேலை முடியும் என்பதால்தான். சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, குழியில் தண்ணீருக்குள் குறைந்தது ஒரு மாதம் ஊறவிட வேண்டும். நீறாத கட்டி கலந்தால் பூசிய பிறகு சுவரிலேயே பொரிந்து பூச்சைத் தெறிக்கவைக்கும். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட வேண்டும். ஒற்றை வீட்டுக்காரர் ஒரு திண்ணைக்காக மாதக்கணக்கில் குழியைக் காத்திருக்க முடியுமா? கொத்தனார்தான் கூலி இல்லாமல் காத்திருப்பாரா?

அதனால்தான் கேட்கிறேன்: தெருவுக்கு ஒரு பொதுக் குழி! பத்தடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம் போதும். மேலே எப்போதும் நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கட்டும். சாவி தெருக் குழுவிடம் இருக்கட்டும். எடுத்த அளவுக்குப் பணம் கட்டுங்கள், அந்தப் பணத்தில் அடுத்த சுண்ணாம்பை நீற்றுங்கள். வைசியாள் வீதியில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்போடு வீட்டுக்காரர்களும் சேர்ந்துதானே முகப்புகளை மீட்டார்கள்? யுனெஸ்கோ விருதே வந்தது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். சட்டத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். ஆணையர் அவர்களே, மூடிக் கிடக்கும் நகராட்சி இடம் ஒன்றை முதல் குழிக்கு ஒதுக்குங்கள். இந்த ஆடிக்குள் வெட்டினால் ஐப்பசிக்கு முன்னால் பூசிவிடலாம். குழுவில் சேருகிறவர்கள் மேடைக்கு இடப்புறம் பெயர் கொடுங்கள்.