எருமை மேல் ஏற்றப்பட்டவர்

பங்குத் தந்தைக்கும், பங்கு மக்களுக்கும், இடம் இருந்தும் உட்காராமல் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற இளைஞர்களுக்கும் என் வணக்கம்.

விசுவாசத்தில் உறுதி என்று தலைப்புக் கொடுத்தால் நம்மூரில் எல்லாரும் புனித தேவசகாயத்தின் கடைசி நாளுக்குப் போய்விடுவார்கள். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, துப்பாக்கிக் குண்டு. எனக்கென்னவோ அதற்கு முந்தின வருஷங்கள்தான் பெரிதாகப் படுகின்றன.

நட்டாலத்தில் 1712இல் பிறந்தபோது அவர் பெயர் நீலகண்டன், நாயர் குடும்பம், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை. குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பர். வீட்டில் மாடு செத்து, பயிர் அழிந்து மனிதர் இடிந்துபோயிருந்த சமயத்தில் டிலனாய் சொன்னது, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதை. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார்.

ஜெபத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே பழையபடி நடந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள். அவரோ சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று பேசினார், பேசியபடியே பழகினார். சொந்தச் சாதிக்காரர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

1749இல் பிடித்தார்கள். கழுத்தில் எருக்கம்பூ மாலை. அன்றைக்கு அது மரண தண்டனைக் கைதிக்குப் போடுவது. எருமையின் முதுகில், வால் பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போகிற வழி தெரியாது. பின்னால் வந்து கைகொட்டிச் சிரிக்கிறவர்களின் முகம் மட்டும் தெரியும். அதில் நேற்றுவரை எழுந்து நின்று கும்பிட்டவனும் இருந்திருப்பான். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி. பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப் போட்டார்கள். குண்டடி ஒரு நிமிஷம். இது மூன்று வருஷம். அத்தனை நாளும், “பழைய வழிக்கே திரும்பிவிடுகிறேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு, வேலை, மரியாதை எல்லாம் திரும்பக் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை.

அந்தக் கால ராஜாவைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில், ஒரு சாதி இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம் என்று இரண்டு கால் வைத்த மாதிரி கோவில் கட்டினார்கள். ‘கால்சட்டைக் கோவில்’ என்றே அதற்குப் பெயர். நடுச்சுவரை 1910இல் கௌசானல் சாமியார் இடிக்க வைத்தார். வழக்கு நீதிமன்றம் வரை போனது. போட்டவர்கள் வேற்று மதத்தார் இல்லை, ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தான்.

ஆபீசில் சிலுவை போட்டதற்குக் கிண்டல் செய்கிறார்கள், கல்லூரியில் ‘அல்லேலூயா’ என்று கூப்பிடுகிறார்கள் என்று தம்பிமார் வந்து சொல்வார்கள். வலிக்கும்தான். அதைத் தாங்கிவிடலாம். மகள் வேறு சாதிப் பையனைக் காட்டி, “அவனும் நம் பங்குதானே அப்பா” என்று கேட்கிறாளே, அன்றைக்குச் சொந்தபந்தம் முன்னால் நிற்பதற்கு வேறு துணிச்சல் வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று பேச்சு வரும்போது எழுந்து நிற்பதற்கும் அதே துணிச்சல்தான்.

2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே ‘பிள்ளை’ என்ற சாதி வாலைப் பெயரிலிருந்து எடுத்தாகிவிட்டது. நம்மில் சிலர் இன்னும் அதைச் சேர்த்தே போஸ்டர் அடிக்கிறோம். இந்த வருஷத் திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போகிற நேரம். கமிட்டிக்காரர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள்.