கதவோரம் ஓர் உரப்பை: மழை இரவுக்கான குளிர் உடுப்பு

[காட்சி: தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறை. வெளியே மழை. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஓர் உரப்பை தொங்குகிறது.]

இந்த உரப்பைக்குள் உரம் இல்லை. எங்கள் வீட்டில் உள்ள நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு சோடி உடுப்பு இருக்கிறது. நள்ளிரவில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் இதைத் தூக்கிக்கொண்டு இறங்குவோம். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது காலை வேளையில். தப்பியவர்கள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தார்கள். அப்படி ஓடும்போது அலுமாரியைத் திறந்து தேட யாருக்கு நேரம் இருக்கும்?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை குறையும். ஜனவரியில் புல் மீது உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பயம் அந்தக் குளிரில் இல்லை, மழைக் குளிரில்தான். தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால் 10, 12 பாகையே ஆளைச் சாய்த்துவிடும்.

[காட்சி: வாளித் தண்ணீரில் ஒரு ஜீன்ஸ், ஒரு கம்பளிச் சுவெட்டர்.]

தடிப்பாக இருக்கிறதே என்று ஜீன்ஸை எடுக்காதீர்கள். பருத்தி தண்ணீரைக் குடித்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும்; மழைக்காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. ஆட்டுக் கம்பளி நனைந்தாலும் அதன் சுருண்ட இழைகளுக்குள் கொஞ்சம் காற்று தங்கும். நமக்குச் சூடு தருவது அந்தக் காற்றுதான். எங்கள் அப்பாயி கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் தண்ணீர் புகாத படங்குத் தாளைக் கட்டிக்கொண்டு அடைமழையிலும் கொழுந்து எடுத்தார். உள்ளே காற்றைப் பிடிக்கும் துணி, வெளியே தண்ணீரைத் தடுக்கும் தாள். இன்று மலையேறுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குவதும் இதே ஏற்பாடுதான்.

பழைய உடுப்பு விற்கும் பேல் கடைக்குப் போனால் அழகைப் பார்க்காதீர்கள், கழுத்துப் பட்டியில் உள்ள சீட்டைப் பாருங்கள். கம்பளி, பொலியெஸ்டர், அக்ரிலிக் நல்லவை. இறகு அடைத்த மெத்தென்ற ஜேக்கட் காய்ந்திருக்கும்வரை ராஜா. நனைந்தால் இறகெல்லாம் கட்டிபட்டு வெறும் பையாகிவிடும். தோலோடு உடுத்த, விளையாட்டுக் கழகத்தில் கொடுத்த பொலியெஸ்டர் ஜேர்சி போதும். அதன்மேல் கம்பளிச் சுவெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அளவு பெரிய ரெயின்கோட். இறுக்கமாக இருந்தால் காற்றுக்கு இடம் இருக்காது.

ரெயின்கோட் இல்லையா? பெரிய குப்பைப் பையில் தலைக்கும் கைகளுக்கும் மூன்று ஓட்டை வெட்டுங்கள். பிள்ளைகளுக்குப் போடும்போது முகம் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைக்குள் கசக்கித் திணித்த பழைய பத்திரிகையும் காய்ந்திருக்கும்வரை சூடு தரும். தொப்பி, காலுறை, டோர்ச் லைட்டையும் சேர்த்து, எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி இறுகக் கட்டுங்கள்.

குளிருக்கு ஒரு பெக் என்று சொல்கிற மாமா எல்லா லயத்திலும் இருப்பார். சாராயம் தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கும். அவருக்குச் சூடாகத் தெரியும். உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சும் குழறினால் குளிர் விட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளுடம்பின் வெப்பம் 35 பாகைக்கும் கீழே வெகுவாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஈர உடுப்பை முதலில் கழற்றுங்கள், பிறகு போர்த்துங்கள், உடனே வைத்திய உதவி தேடுங்கள். ஈரத்தின் மேல் போர்த்தும் கம்பளியால் அதிகப் பயன் இல்லை.

[காட்சி: பையிலிருந்து ஒரு சின்னச் சுவெட்டர் வெளியே வருகிறது.]

ஒக்டோபருக்கு முன் பையைக் கொட்டிப் பார்த்துவிடுங்கள். எங்கள் மகளுக்கு வைத்திருந்த சுவெட்டரின் கை இந்த வருடம் முழங்கையோடு நின்றுவிட்டது.