நெத்திச்சுட்டிக்கு நிறம் சொல்ல வேண்டியது முகம்தான்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ராயபுரத்துத் தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

கல்யாணப் பெண்ணின் தலை அலங்காரத்துக்கு நிறம் சொல்ல வேண்டியது புடவையா, முகமா என்பது தலைப்பு. புடவைதான் என்றார் எதிரணித் தலைவர். அரக்குப் பட்டு எடுத்தால் நெத்திச்சுட்டி முதல் குஞ்சலம் வரை அரக்கு, அப்போதுதான் போட்டோவில் செட்டாகத் தெரியும் என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

நான் ஒன்று கேட்கிறேன், நடுவர் அவர்களே. அந்த அரக்குக் கல் புடவை மேலா உட்காரப் போகிறது? கறுத்த கூந்தல் மேல் உட்காரப் போகிறது! அரக்கு, கருநீலம், கரும்பச்சை எல்லாம் கூந்தலுக்குள் போனால் பந்தலில் நாலாவது வரிசைக்குத் தெரியாது. இது நம் பொற்கொல்லர்களுக்கு எப்போதோ தெரியும். பழைய ராக்கொடி ஒன்று வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நடுவில் சிவப்புக் கெம்பு, அதைச் சுற்றி வெள்ளைக் கல், சிலவற்றில் ஓரத்தில் முத்து வரிசை. அந்த வெள்ளைதான் சிவப்பைக் கூந்தலிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

பரதநாட்டியம் பார்த்திருப்பீர்கள். உடை பச்சையோ நீலமோ மஞ்சளோ, தலையில் பெரும்பாலும் அதே கெம்பு நெத்திச்சுட்டி, அதே சூரியபிறை, சந்திரபிறை. மேட்ச் ஆகவில்லை என்று யாராவது எழுந்து போனோமா? முகத்தைத்தானே பார்த்தோம்?

இப்போது எனக்கு மனசு வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். எம்.சி. ரோடு கடைகளில் நம் பெண்கள் காதுபடவே சொல்கிறார்கள், "கறுப்பா இருக்கு பொண்ணு, இந்தக் கலர் எடுக்காது" என்று. கல்யாணத்துக்கு நகை எடுக்க வந்த பெண் தலைகுனிந்து நிற்கிறாள். அம்மா, கறுத்த நெற்றியில் தங்கமும் கெம்பும் முத்தும் பளிச்சென்று எடுக்கிற மாதிரி வேறு எங்கே எடுக்கும்? புடவைக்கு மேட்ச் தேடுகிறவர் அந்த முகத்தைப் பார்க்கவே மாட்டார். முகத்திலிருந்து ஆரம்பித்தால் அவளுக்கு எது அழகு என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நாங்கள் இந்தப் பக்கம் நிற்பதே அதற்காகத்தான்.

மாதா கோயிலில் நடக்கும் கல்யாணத்தில் வெள்ளைக்கு வெள்ளை, அதில் என்ன குழப்பம் என்று எதிரணித் தங்கை கேட்டார். மாதா கோயில்கள் நிறைந்த ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தங்கச்சி, வெள்ளை ஒன்றா இருக்கிறது? பால் வெள்ளை, கிரீம், தந்த நிறம் என்று எத்தனை! பால் வெள்ளைச் சேலை கட்டி, தலையில் முக்காடாகக் கிரீம் நெட் போட்டால் நெட் அழுக்கேறியது போலத் தெரியும். முகத்தை ஒட்டிக் கிடப்பது நெட். அதனால் எந்த வெள்ளை முகத்துக்குச் சேர்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் அதே வெள்ளையில் சேலை எடுக்க வேண்டும்.

வெளிச்சமும் இருக்கிறது. கடை விளக்கில் ஒரு நிறம், காலை முகூர்த்த வெயிலில் ஒரு நிறம், ரிசப்ஷன் மேடை விளக்கில் இன்னொரு நிறம். புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார்களே நம் அம்மாக்கள், அதே மாதிரி நெத்திச்சுட்டியையும் பெண்ணின் நெற்றியில் வைத்து வாசலில் பாருங்கள்.

சரி, செலவுக்கு வருவோம். இங்கே பல வீடுகளில் செட் வாடகைக்குத்தான் எடுக்கிறோம். முகத்துக்குப் பொருந்திய ஒரு கெம்பு முத்துச் செட் காலையில் அரக்குப் பட்டுக்கும் ஆகும், மாலையில் ரோஸ் கலர் புடவைக்கும் ஆகும். எதிரணி சொல்வது போலப் போனால் காலைக்கு ஒரு செட், மாலைக்கு ஒரு செட். அந்த இரண்டாவது வாடகையைப் பெண்ணின் அப்பா எதற்காகக் கட்ட வேண்டும்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.